முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே

போட்டோ எடுக்காதீர்கள் தம்பி. போனைக் கீழே இறக்குங்கள். கதவு நம்பரைத்தான் எடுக்கிறேன் என்கிறீர்கள், அந்த நம்பருக்குப் பின்னால் என் வீடு இருக்கிறதே. முதலில் கழுத்தில் தொங்குகிற அட்டையைக் கழற்றிக் கொடுங்கள். கொடுங்கள், தின்றுவிட மாட்டேன்.

இந்தப் படத்தில் மீசை இருக்கிறது. உங்களுக்கு இல்லை. எடுத்துவிட்டீர்களா? சரி, மீசையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். காதை மாற்ற முடியாது. படம் வரைகிறவளுக்குக் காது தெரியும். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்கள். ம், காது உங்கள் காதுதான்.

இருந்தாலும் இந்த அட்டையைப் படம் எடுத்து கோயம்புத்தூருக்கு அனுப்புகிறேன். எனக்கு வேலை கொடுக்கிற கம்பெனியில் நந்திதா என்று ஒரு பெண், அவள்தான் என்னோடு பேசுகிறவள். 'ஆமாம், நாங்கள் அனுப்பிய ஆள்தான்' என்று அவளிடமிருந்து பதில் வரட்டும். அப்புறம் நம்பரை எடுங்கள், நிலைக்கதவை எடுங்கள், என்னையும் எடுங்கள். கோபப்படக்கூடாது. மாரீஸ்வரி என்று ஒருத்தி சொன்ன விலாசத்தில் இருக்கிறாளா, சொன்னபடி இருக்கிறாளா என்று சரிபார்க்க உங்களை அனுப்பியிருக்கிறார்கள். உங்களைச் சரிபார்க்க எனக்கு யார் ஆள் அனுப்புவார்கள்? நானேதான் பார்க்க வேண்டும்.

முன்வாசலில் நிற்க வேண்டாம். அங்கே பேசினால் ஜெயக்கொடிக்கு எல்லாம் கேட்கும். இப்படிச் சந்து வழியாகப் பின்கட்டுக்கு வாருங்கள். செருப்பு இருக்கட்டும். இந்த நாற்காலியில் உட்காருங்கள், மோர் கொண்டுவருகிறேன். சாத்தூர் வெயிலில் அலைகிறீர்கள், பாவம், உங்களைச் சொல்லி என்ன.

ஜெயக்கொடி யாரென்றா? என் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. முன்கட்டில் அவர்கள் இருக்கிறார்கள், பின்கட்டும் மேலே இருக்கிற அறையும் எங்களுக்கு. நடு அறையில் மாமா, என் மாமனார். வீடு மாமா பேரில் இருக்கிறது. எழுத்தில் எதுவும் பிரிக்கவில்லை, வாயால் பிரித்ததுதான். வாயால் பிரித்தது வாயாலேயே மாறும், இல்லையா? அவளுக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறது. எனக்கு இல்லை. இதை நான் எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும்.

நான் சிவகாசியில் ஒரு அச்சாபீஸில் ஆர்ட் செக்ஷனில் இருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள், காலண்டர், நோட்டு அட்டை. சங்குசக்கரப் பெட்டியின் மேல் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதில் பாதிக்குமேல் நான் வரைந்த குழந்தைகள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு. அப்போதுதான் மாமாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறிவிட்டது. நான் வேலையை விட்டேன். மாமாவுக்காகத்தான் விட்டேன். அவர் படுத்த பிறகு இந்த வீட்டில் பகல் முழுக்க அவரும் ஜெயக்கொடியும் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் பிட்டர். அவருக்கு இதெல்லாம் ஏறாது. "ஈஸ்வரி, ஒத்தச் சம்பளத்துல ரெண்டு ஊருல குடும்பம் ஓட்ட முடியாது. வேல கெடச்சா அங்க இரு. சித்திரைக்குள்ள கெடைக்கலன்னா பூட்டிட்டு இங்க வந்துரு. அய்யாவ அவங்க பாத்துக்கிடுவாங்க" என்கிறார். பூட்டிவிட்டு வா என்கிறார் பாருங்கள். பூட்டு எவ்வளவு நாளைக்குப் பூட்டாக இருக்கும்? அடுத்த தடவை வந்தால் என் சமையல்கட்டில் அவள் வெங்காயம் காயப்போட்டிருப்பாள். பங்குனி பிறந்துவிட்டது தம்பி. இந்த வேலைதான் எனக்குக் கடைசி. இது இருந்தால் இங்கே இருப்பேன், இல்லாவிட்டால் ஓசூர்.

அதனால்தான் எனக்கு வீட்டிலிருந்து பார்க்கிற வேலை வேண்டும். பாதி வீடு பாதி ஆபீஸ் இல்லை. முழுக்க முழுக்க வீட்டிலிருந்தே. படம் வரைகிற வேலைக்கு ஆபீஸ் எதற்கு? பேனா இங்கே இருக்கிறது, பலகை இங்கே இருக்கிறது, கை இங்கே இருக்கிறது. ஆனால் தேடிப் பாருங்கள். விளம்பரத்தில் முழுக்க வீட்டிலிருந்தே என்று போடுவான். போன் செய்தால்தான் கதை தெரியும். ஒரு பெண் பேசினாள், சென்னையில் கார்ட்டூன் எடுக்கிற கம்பெனி.

"ஜாயின் பண்றப்ப ஒரு வாரம் மட்டும் ஆபீஸ் வரணும் மேடம்."

"எதுக்கு?"

"டீமோட பழகுறதுக்கு மேடம்."

"போன்ல பழகிக்கிடுதேன்."

"அப்புறம் மாசா மாசம் ரிவ்யூ மேடம். வாரத்துல மூணு நாள் வந்தீங்கன்னா இன்னும் நல்லது."

"அப்ப வீட்டுல எப்ப இருக்கது?"

"மீதி நாளு மேடம்."

இன்னொருத்தன் இதைவிடக் கெட்டிக்காரன். ஆமாம் மேடம், வீட்டிலிருந்தேதான், ஆபீஸே கிடையாது என்றான். எனக்கு வாயெல்லாம் பல். கடைசியில் சொல்கிறான், வீடு சென்னையில் இருக்க வேண்டுமாம். அவசரத்துக்குக் கூப்பிட்டால் வர வேண்டுமல்லவா என்றான். படம் வரைவதில் என்ன அவசரம்? பிரசவமா பார்க்கிறோம்?

நான் ஒன்று கவனித்தேன் தம்பி. சென்னைக்காரனோ பெங்களூர்க்காரனோ, எல்லோரும் யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். 'நீங்க இங்க வந்து தங்க முடியாதா மேடம்?' என்னை இந்த வீட்டைவிட்டுக் கிளப்புவதில் அத்தனை கம்பெனிக்கும் என்ன அக்கறை? தற்செயல் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நடுவில் ஒரு வேலை கிடைக்கத்தான் செய்தது. கதைப் படத்துக்குப் பின்னணி வரைய வேண்டும். மரம், மலை, தெரு, ஆளில்லாத வீடு. ஆனால் லேப்டாப்பில் அவர்கள் கொடுத்த ஒரு சாப்ட்வேரைப் போட வேண்டும். அது நாம் வரைகிற திரையை அடிக்கடி படம் பிடித்து அவர்களுக்கு அனுப்பும். கேமராவும் திறந்தே இருக்க வேண்டும், உட்கார்ந்திருக்கிறோமா என்று பார்ப்பார்களாம். வீட்டுக்குள் நான் எப்படி இருக்கிறேன் என்று எவனோ ஒருத்தன் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பானா? ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்தேன், மெரூன் கலர், பெரிய சைஸ். கேமராவின் மேல் ஒட்டிவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"மேடம், உங்க பக்கம் இருட்டா இருக்கு."

"இங்க நல்ல வெயில் சார்."

"எங்களுக்கு உங்களத் தெரியல."

"எனக்கும் உங்களத் தெரியல சார். வரைஞ்சது வந்துச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

கொஞ்ச நாளில் வேலை முடிந்துவிட்டது என்று கணக்கை மூடிவிட்டார்கள். முடிந்ததா முடித்தார்களா தெரியாது. ஆனால் அதற்கு முந்தின நாள் ஜெயக்கொடி காப்பி கொண்டுவந்தாள். லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, பொட்டக் கொண்டுபோய் இதுல ஒட்டியிருக்கீக, அவுங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றாள். அவள் கேட்டாள், மறுநாள் வேலை போனது. நான் எதுவும் சொல்லவில்லை. நீங்களே முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள்.

மோரில் உப்பு போதுமா? இது அவள் கடைந்த மோர்தான். தினமும் ஒரு செம்பு கொண்டுவந்து வைத்துவிடுவாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. வைத்துவிட்டு, மேலே கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாள். என்ன புதிதாக வாங்கியிருக்கிறேன் என்று பார்ப்பாளாக இருக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் வேலை கேட்டால் முதலில் மாதிரிப் படம் ஒன்று வரைந்து அனுப்பச் சொல்வார்கள். சும்மாதான், காசு கிடையாது. ஒரு பாடப்புத்தகக் கம்பெனிக்காரன், குரங்கு வாழைப்பழம் உரிக்கிற மாதிரி ஒன்று போடுங்கள் என்றான். போட்டு அனுப்பினேன். சொல்கிறோம் மேடம் என்றான். சொல்லவே இல்லை. பிறகு ஒரு நாள் பெரியகடை பஜாரில் ஒரு நோட்டுக் கடையில் நிற்கிறேன், கயிற்றில் நோட்டு தொங்குகிறது, அட்டையில் என் குரங்கு. அதே உட்கார்வு, அதே வால் சுருட்டல். நோட்டை வாங்கிவந்து வீட்டில் காட்டினேன். ஜெயக்கொடி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சிரிக்குதே, உங்களோடது சிரிக்கலையே. குரங்குன்னா எல்லாம் இப்பிடித்தான இருக்கும்" என்றாள். யார் பக்கம் பேசுகிறாள் பார்த்தீர்களா? சிரிப்பை மட்டும் மாற்றுவதற்கு எவ்வளவு நேரமாகும் ஒரு திருடனுக்கு?

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனி மாதிரிப் படம் அனுப்பினால் அதில் என் அடையாளம் ஒன்றை ஒளித்துவைப்பது. பெயர் எழுதினால் அழித்துவிடுவான். அதனால் படத்தில் வருகிற ஆளுக்கு ஒரு கையில் மட்டும் ஆறு விரல் வைத்தேன். சட்டென்று யார் கண்ணுக்கும் படாது. நாளைக்கு அந்தப் படம் எங்காவது வந்தால், பார், ஆறு விரல், இது என் படம் என்று பிடித்துவிடலாமே. தபால்காரர் போடச் சொன்னார்கள், தபால்காரருக்கு ஆறு விரல். தோட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற சிறுமி கேட்டார்கள், சிறுமிக்கு ஆறு விரல்.

ஒருத்தன் விடாமல் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. யாரோ என்னைப் பற்றி எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் ஒருவர் மட்டும் போன் செய்து பேசினார். வயதான குரல், மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, நாங்க கையால வரையறவங்களத்தான் தேடறோம். நீங்க அனுப்பினது கம்ப்யூட்டரே போட்ட படம்."

"இல்ல சார், நான் வரைஞ்சது."

"கம்ப்யூட்டர் போடற படத்துலதாம்மா கைவிரல் தப்பா வரும். நீங்களே எண்ணிப் பாருங்க."

"எண்ணித்தான் சார் போட்டேன்."

"என்னம்மா?"

"ஆறுன்னு எண்ணித்தான் போட்டேன்."

நீங்கள் திருடிவிடுவீர்கள் என்றுதான் ஆறாவது விரல் வைத்தேன் என்று ஒரு மனிதரிடம் சொல்ல முடியுமா? சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். எத்தனை இடம் அப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்கள் என்னைத் திருடி என்று நினைத்திருக்கிறார்கள். எவ்வளவு அநியாயம். யாரையும் முகம் பார்க்காமலே சந்தேகப்படுகிறார்கள். ஜெயக்கொடியிடம் சொன்னபோது, "இனி அஞ்சு வெரலே போடுங்கக்கா. திருடுறவன் ஆறு இருந்தாலும் ஒண்ண வெட்டிட்டுத் திருடிக்கிடுவான்" என்றாள். அவளுக்கு எப்படி உடனே அது தோன்றியது என்றுதான் நான் யோசித்தேன்.

இந்தக் கோயம்புத்தூர் வேலையைப் பற்றிச் சொன்னதும் அவள்தான். அவள் அண்ணன் அங்கே இருக்கிறான், அவன் போனில் அனுப்பியதாம். குழந்தைகளுக்கு ஆப் வழியாகக் கதை சொல்கிற கம்பெனி, கதைக்குப் படம் போட ஆள் வேண்டும். மேலே ஓடிவந்தாள், மூச்சு வாங்குகிறது, கையில் மாவு. "அக்கா, இதப் பாருங்க, இன்னைக்கே போடுங்க" என்கிறாள். எனக்கு வேலை கிடைத்தால் இவளுக்கு என்ன லாபம்? நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் தோன்றியது. வேலை கிடைத்தால் நான் மேலே அறையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பேன். கீழே மாமாவிடம் அவள் இஷ்டத்துக்குப் பேசலாம்.

இவர்கள் மாதிரிப் படம் கேட்கவில்லை. வீடியோவில் எங்கள் கண் முன்னால் வரையுங்கள், கம்ப்யூட்டர் இல்லை, காகிதம் பென்சில் போதும், ஆனால் கை தெரிய வேண்டும் என்றார்கள். கை தெரிய வேண்டும் என்றால் போனை மேலேயிருந்து பிடிக்க வேண்டும். யார் பிடிப்பது? ஜெயக்கொடி ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டாள். இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி. ஒருத்தி பூக்கட்டுவதைப் போடச் சொன்னார்கள். பூக்கட்டுகிற விரல் போடுவது லேசில்லை தம்பி. நார் ஒரு விரலில், பூ இரண்டு விரலில், முடிச்சு இன்னொரு விரலில். அழித்து அழித்துப் போட்டேன். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாதியில் ஒருவர், "கேமரா ஆடுதே மேடம்" என்றார். "புடிக்கிற ஆள் சரியில்ல சார்" என்றேன்.

அஞ்சு விரல்தான் போட்டேன். முடித்துக் காகிதத்தைத் தூக்கிக் காட்டியதும் நந்திதா கைதட்டினாள். போனுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்கிறது, ஸ்டூலிலிருந்து இறங்க முடியாமல் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு நாள் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். துணி காயப்போடக் கையைத் தூக்க முடியவில்லையாம். தெருவே பார்க்கட்டும் என்று அப்படி நடப்பாளாக இருக்கும். நான் கண்டுகொள்ளவில்லை.

வேலை உண்டு என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அதற்குத்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள். நந்திதா தெளிவாகச் சொன்னாள்.

"எல்லாருக்கும் வாரம் மூணு நாள் ஆபீஸ்தான் மேடம். வீட்டுல படுக்கையில இருக்கறவங்கள நீங்க பாத்துக்கறீங்கன்னா மட்டும் விதிவிலக்கு. பாத்துக்க வேற ஆள் இருந்தா குடுக்க மாட்டாங்க. விசாரிக்க ஆள் வருவாங்க. நீங்க மட்டும்தான பாத்துக்கறீங்க?"

"நான் மட்டும்தான்" என்றேன்.

உண்மைதானே. என்ன கேட்டீர்கள்? மாமாவுக்குத் தினமும் என்னென்ன செய்கிறேன் என்றா? இது உங்கள் கேள்வியில் இருக்கிறதா, நீங்களாகக் கேட்கிறீர்களா? இருக்கிறதா. சரி.

காலையில் எழுப்புவது ஜெயக்கொடி. முன்கட்டில் பால் வருகிற நேரம் எழுந்துவிடுவார்கள், அதனால். வேட்டி மாற்றுவது, துடைத்துவிடுவது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, இதெல்லாம் அவளும் செய்வாள். கஞ்சி என் கையால் கொடுத்தால் துப்பிவிடுகிறார். அவள் கையால் கொடுத்தால் இறங்குகிறது. அது அவர் பிடிவாதம், நான் என்ன செய்ய? சாயங்காலம் நாற்காலியில் உட்காரவைப்பதும் அவள்தான், எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மாத்திரையை நான்தான் ஆன்லைனில் போடுவேன். மற்றதெல்லாம் நான்தான்.

மற்றதென்றால் என்னவென்றா? நான் இருக்கிறேனே தம்பி. ஒரு வீட்டில் ஒருவர் இருப்பது என்றால் சும்மாவா? அவள் சும்மா செய்கிறாள் என்று நினைக்கிறீர்களா? மாமனாருக்கு மலம் அள்ளுகிற மருமகளை இந்தக் காலத்தில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஏதோ ஒரு கணக்கு இல்லாமல் ஒருத்தி அதைச் செய்வாளா? நாளைக்கு அவர் இடது கையை மையில் முக்கி ஒரு காகிதத்தில் வைத்தால் போதும், முடிந்தது. அவள் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் நான் மேலே வரைகிறதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு வேலை கெடுகிறது தெரியுமா? என்ன பேசுகிறாள் என்று கேட்டால் ஒன்றும் இருக்காது. "கையத் தூக்குங்க மாமா, இந்தா முடிஞ்சது, இந்தா முடிஞ்சது" என்பாள். அவ்வளவுதான் காதில் விழும். மெதுவாகப் பேசுவது என்னவோ, அது யாருக்குத் தெரியும்.

இருங்கள், போனில் மெசேஜ் வந்திருக்கிறது. நந்திதாதான். 'ஆமாம் மேடம், எங்கள் சார்பில் வந்தவர்தான், ஒத்துழைக்கவும்.' பார்த்தீர்களா, ஒரு நிமிடத்தில் தெளிவாகிவிட்டது. உங்களைத் தப்பாக நினைக்கவில்லை. கேளுங்கள், என்ன கேட்க வேண்டுமோ.

அக்கம்பக்கத்தில் ஒருவர் சொல்ல வேண்டுமா? நந்திதா இதைச் சொல்லவில்லையே. எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் இருக்கிறார், நல்ல மனிதர், கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், பூட்டியிருக்கிறது. இந்தப் பக்கம் தீப்பெட்டி குடோன், அங்கே கேட்டால் யார் இருக்கிறார்கள்? நாளைக்கு வாருங்களேன். முடியாதா. இன்றைக்கே அனுப்ப வேண்டுமா.

முன்கட்டா? அவள் எப்படிப் பக்கத்து வீடு ஆவாள்? ஆமாம், ரேஷன் கார்டு தனிதான். அடுப்பும் தனிதான். அப்படியானால் தனி வீடு என்றுதான் கணக்கா? தம்பி, அவளிடம் கேட்டால் என் வாழ்க்கையே போய்விடும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமாவைத் தான்தான் பார்ப்பதாக அவள் சொல்லட்டும், நான் நாளைக்கே ஓசூர் பஸ் ஏறவேண்டியதுதான். அவளுக்கு வீடு மொத்தமும் கிடைக்கும். இப்படி ஒரு சந்தர்ப்பத்தை யாராவது விடுவார்களா? நீங்களாக இருந்தால் விடுவீர்களா?

நான் இவ்வளவு நேரம் பேசியதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லையே? காட்டுங்கள். சரி. பேசியதெல்லாம் பேச்சு, எழுதாதீர்கள். தெரியாத ஆளிடம் இப்படித்தான், வாய் நிற்காது எனக்கு.

ஜெயக்கொடி. ஏ ஜெயக்கொடி, இங்கே வா.

வருகிறாள். ஜெயக்கொடி, கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கதை வேண்டாம்.

கேளுங்கள் தம்பி. மெதுவாகக் கேட்காதீர்கள், எனக்கும் கேட்கட்டும். இங்கே எத்தனை வருடமாக இருக்கிறாள் என்றா? அது சரிதான், அவள் சொன்னது சரிதான். அடுத்தது.

என்ன சொன்னாய்? திரும்பச் சொல், தம்பி எழுதட்டும். 'அக்காதான் மாமாவப் பாக்காக. அக்கா இல்லன்னா ஒண்ணும் ஓடாது.' எழுதிக்கொண்டீர்களா? வேறு யாரும் உதவிக்கு உண்டா என்று கேட்கிறார், சொல். 'யாரும் இல்ல சார். எனக்கு என் பிள்ளைக்குச் செய்யவே நேரம் போதல. எல்லாம் அக்கா ஒத்தையா.' அப்படியே போடுங்கள் தம்பி, ஒத்தையாக என்று.

கையில் என்ன வெள்ளையாக என்கிறீர்கள்? ஜெயக்கொடி, கையைக் காட்டு. பவுடர். அது மாமாவுக்கு... இல்லை, பிள்ளைக்குப் போட்டிருப்பாள். பள்ளிக்கூடம் விடவில்லையே என்கிறீர்களா? ஆமாம், விடவில்லை. அப்படியானால்... என்ன ஜெயக்கொடி? அவளுக்கே முதுகில் வேர்க்குருவாம். அதற்குப் போட்டாளாம். சரிதானே தம்பி, வெயிலுக்கு எல்லோருக்கும் வருவதுதானே. உங்களுக்கும் இருக்கும்.

பார்த்தீர்களா, யோசிக்கவே இல்லை, எவ்வளவு சரளமாக வருகிறது அவளுக்கு. நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை.

ஏன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறீர்கள்? ஏதாவது விட்டுப்போயிற்றா? எழுதியாகிவிட்டதென்றால் அனுப்பிவிடுங்கள். ஓ, என் கையெழுத்து வேண்டுமா. எதற்கு? நான்தான் பார்த்துக்கொள்கிறேன், வேறு யாரும் இல்லை என்றா. சரி, சரி, போடுகிறேன். திரையிலேயே போட வேண்டுமா, விரலாலேயா?

ஜெயக்கொடி, மாமா கூப்பிடுகிறார் பார். என்னவென்று போய்க் கேள்.

இப்படிக் கொடுங்கள் தம்பி. முழுப் பெயரா, இனிஷியல் மட்டும் போதுமா?